இறக்கத்தைப் பார்க்காத சான்றிதழ்

மடூல்சீமைப் பக்கம் கொழுந்து லொறி வைத்திருப்பவருக்கு வருமான அனுமதிப்பத்திரம் முடிகிற மாதம் வந்துவிட்டால் அலைச்சல் தொடங்கிவிடும். காப்புறுதிப் பத்திரம் வேண்டும். அது போனிலேயே முடிந்துவிடும். புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும். அதற்கு வண்டியைப் பசறை வழியாகப் பதுளைக்குக் கொண்டுபோக வேண்டும், முப்பது கிலோமீற்றருக்கு மேல். மூன்றாவது, லொறி, பஸ் போன்ற வண்டிகளுக்குக் கேட்கப்படும் தகுதிச் சான்றிதழ். சனம் அதை ‘பிட்னஸ்’ என்றுதான் சொல்லும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அங்கீகரித்த கராஜ் ஒன்றில் வண்டியைக் காட்டி அதை வாங்க வேண்டும். அப்படிப்பட்ட கராஜ் பக்கத்தில் எது, இன்று ‘பாஸ்’ என்ற மெக்கானிக் இருப்பாரா, வண்டியைக் கழற்றிப் பார்ப்பாரா, சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையெழுத்துப் போடுவாரா என்று நாலு பேரிடம் விசாரிப்பதிலேயே ஒரு நாள் வருமானம் போய்விடும். பிரதேச செயலகத்து வரிசை அதற்குப் பிறகு.

இந்த மூன்று காகிதங்களையும் மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்று பாருங்கள். விபத்து நடந்தால் யார் பணம் கட்டுவது என்று முதலாவது கேட்கிறது. பின்குழாயில் என்ன வெளியே வருகிறது என்று இரண்டாவது கேட்கிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்குமா என்று கேட்பது மூன்றாவது மட்டுமே. சொந்தப் பாவனைக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்தக் கேள்வியே இல்லை; காப்புறுதியும் புகைச் சான்றும் இருந்தால் ஆண்டு முழுக்க ஓட்டலாம். ஏறக்குறைய எல்லா வாகனங்களையும் வருடத்துக்கு ஒரு தடவை ஓரிடத்துக்கு வரவழைக்கும் ஏற்பாடு 2008 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. இரண்டு தனியார் நிறுவனங்கள் நாடு முழுவதும் நிலையங்கள் திறந்து அதை நடத்துகின்றன. வண்டி வந்து நிற்கிறது, பின்குழாயில் குழாயைச் செருகுகிறார்கள், அக்சிலேட்டரை மிதிக்கச் சொல்கிறார்கள், கணினி எண்களைக் கக்குகிறது. வந்த வண்டியின் பிரேக்கை யாரும் தொடுவதில்லை. மாசுக் காற்று உயிரைக் குடிக்கும் என்பது உண்மை. புகைப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல நமக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் பெரகலை மலை வளைவில் நின்று பார்க்கிறவனுக்கு எந்த ஆபத்து முதலில் கண்ணில் படும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த மலையில் வண்டியைவிடக் காகிதம் மூத்தது. அதை வீதியின் கதையிலிருந்தே தொடங்க வேண்டும். பதுளை புனித மாற்கு தேவாலயத்தை மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டினார்கள். பதுளையின் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் அவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்ற பெயரும், ஊவாவுக்கு வீதி போட்டவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார்.  அவர் இறந்து மூன்று வருடத்தில், 1848இல், வீதிச் சட்டம் வந்தது: 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். அந்த வருடத்துக் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். வீதி யாருக்கு என்பதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. கோப்பி இறங்க வேண்டும், அரிசி ஏற வேண்டும். ஹல்துமுல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்குப் போன மாட்டு வண்டிகள் அந்த வேலையைத்தான் செய்தன.

1869இல் இலைத் துரு நோய் வந்து கோப்பியை அழிக்கத் தொடங்கியது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். ரயில் 1894இல் பண்டாரவளைக்கு வந்து, அதன் பிறகு நெடுங்காலம் அங்கேயே நின்றது. பதுளையை எட்டியது 1924இல். இந்த முப்பது வருட இடைவெளியில்தான் மாட்டு வண்டியின் இடத்தை மோட்டார் லொறி மெல்லப் பிடித்தது. ரயில் நின்ற இடத்திலிருந்து தோட்டத்துப் பேக்டரிவரை யார் சரக்கைக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு ஊவா கண்ட விடை அது. ரயில் பாதைக்குச் சரிவு எவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டு, தெமோதரையில் பாதையையே வட்டமாகச் சுற்றிவிட்ட பொறியியலாளர்கள் லொறிப் பாதைக்கு அந்தச் சிரமத்தை எடுக்கவில்லை. கோவேறு கழுதையும் மாடும் ஏறிய தடத்தை அகலப்படுத்தி, அதில் லொறியை விட்டார்கள். ஊவாவின் வளைவுகள் பல இன்றும் அந்த வளைவுகள்தான்.

இதே காலத்தில் ஆட்களை எப்படிச் சோதித்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1901 முதல் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர டிக்கெட் தொங்கியது. மண்டபம் முகாமில் உடம்பைச் சோதித்து, அம்மை குத்தி, நாள்கணக்கில் அடைத்து வைத்துப் பிறகே கப்பலேற்றினார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கங்காணியின் கையில் ‘துண்டு’ இருக்க வேண்டும். இவ்வளவு கடன் பாக்கி, கட்டினால் ஆளை விடலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். மாட்டு வண்டிக்குக்கூட 1916இன் வாகனக் கட்டளைச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. ஆளுக்கும் மாட்டுக்கும் வண்டிக்கும் பதிவு இருந்தது; எல்லாப் பதிவும் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. இன்றைய வருமான அனுமதிப்பத்திரம் அந்தக் குடும்பத்தில் பிறந்தது. வாகனத்தின் நலம் விசாரிக்கப் பிறந்ததல்ல. வரி வாங்கப் பிறந்தது. தகுதிச் சான்றிதழ் பிற்பாடு அதன் முதுகில் ஏற்றப்பட்டது. வரி கட்டுகிற நாளில் மட்டும் வண்டியின் ஆரோக்கியம் நமக்கு ஞாபகம் வருவதற்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன்.

வேறு வழியில் பிறந்த பரிசோதனையும் உலகில் உண்டு. ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் 1865இல் ஒரு மதுபான ஆலையின் கொதிகலன் வெடித்தது. அடுத்த வருடமே அங்கிருந்த கொதிகலன் உரிமையாளர்கள் ஒன்றுகூடி, தங்கள் கலன்களைத் தாங்களே பரிசோதிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். மற்ற நகரங்களும் பின்பற்றின. இன்று ஜேர்மனியில் கார் பரிசோதிக்கும் ‘டியூவ்’ அமைப்புகளின் ஆரம்பம் அதுதான். வெடித்த பானையிலிருந்து தொடங்கியதால் அவர்களுடைய முதல் கேள்வி ‘இது மறுபடி வெடிக்குமா’ என்பதாக இருந்தது. நம்மிடமும் அந்த மரபின் ஒரு கிளை இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கொதிகலன்களையும் காற்றழுத்தக் கலன்களையும் தகுதி பெற்றவர் காலத்துக்குக் காலம் சோதிக்க வேண்டும் என்கிறது. ஆக, தேயிலைப் பேக்டரிக்குள் இருக்கும் இயந்திரத்துக்கு ஒரு பரிசோதகர் உண்டு. பேக்டரி வாசலைத் தாண்டி மலையில் இறங்கும் ட்ரக்டருக்கு, அதன் பெட்டியில் கொழுந்து மூட்டைகள் மேல் உட்கார்ந்து போகும் பெண்களுக்கு, அந்தளவு அக்கறை கிடைக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் பரிசோதகர் என்ற பதவியும் இருக்கிறது. ஆனால் பொலிஸ்காரர் நிற்பது பிரதான வீதியில். தோட்டத்து உள்வீதி ஒரு தனி இராச்சியம்.

ஒரு காலத்தில் ஊவாவில் பரிசோதனைக்கு ஓர் இயல்பான இடம் இருந்தது, டிப்போ. 1942இன் சட்டம் பஸ் கம்பனிகளுக்குப் பகுதி பகுதியாக ஏகபோகம் கொடுத்தது. அந்த முதலாளிகளின் சேவை எப்படி இருந்தது என்று 1948 முதல் அறிக்கைமேல் அறிக்கை வந்தது. 1958 ஜனவரி 1ஆம் திகதி எல்லாவற்றையும் சேர்த்து இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அதன் நட்டக் கணக்கும் ஆள் சேர்ப்பு அரசியலும் ஊரறிந்தவை. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பஸ்ஸை ஓட்டுகிறவரும், அதைக் கழற்றிப் பூட்டுகிறவரும், சாலையில் விடலாமா என்று தீர்மானிக்கிறவரும் ஒரே வளவுக்குள் இருந்தார்கள். மூவருக்கும் சம்பளம் சபையிலிருந்து வந்தது. பஸ் ஒரு நாள் நின்றால் யாருடைய வீட்டு அடுப்பும் அணையாது. 1979இல் தனியார் பஸ்ஸுக்குக் கதவு திறந்தபோது இடம் கிடைக்காமல் தொங்கிய சனத்துக்கு அது பெரிய விடுதலை. அதை மறுப்பவர் பழைய பஸ்ஸில் ஏறாதவர். ஆனால் புதிய ஏற்பாட்டில் பஸ் முதலாளி பெரும்பாலும் ஒரு பஸ்ஸுக்கு மட்டும் முதலாளி. லீசிங் தவணை மாதாமாதம் வரும். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் நேரே அவர் சட்டைப்பையில் கை வைக்கும். டிப்போ செய்துவந்த வேலை அப்போது வீதியோரத்துக் கராஜின் தலையில் விழுந்தது.

அந்தக் கராஜ் எப்படிப்பட்டது? பதுளையிலிருந்து பசறை வீதியிலோ மஹியங்கனை வீதியிலோ கொஞ்சத் தூரம் போனால் பார்க்கலாம். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த மண் தரை, ஜாக்கில் நிற்கும் ஒரு பழைய லொறி. சக்கரம் கழன்று கிடக்கிறது. பாஸ் பிரேக் ட்ரம்மைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிறார். உள்வளையத்தில் அங்கங்கே நீலம் பாய்ந்திருக்கிறது. இரும்பு அளவுக்கு மீறிச் சூடாகி ஆறியதன் அடையாளம் அது. மெல்லிய கீறல்கள் குறுக்கே ஓடுகின்றன. லைனர் தேய்ந்து ரிவெட் தலை வெளியே வந்துவிட்டது. ட்ரம்மில் அது உழுத கோடு விரல் நகத்துக்குத் தட்டுப்படுகிறது. வேலை பழகும் பையன் பிரேக் ஒயில் டப்பாவைத் திறந்து காட்டுகிறான், தேநீர்ச் சாயம் போல் கறுத்திருக்கிறது. அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மழைக் காலத்தில் வாரக்கணக்கில் காயாத ஊரில் கேட்கவா வேண்டும். ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் ஒயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழி விழுந்தால், மிதித்த பெடல் தரைவரைக்கும் போகும். சக்கரத்தில் ஒன்றும் நடக்காது.

அப்போது நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“இந்தச் சம்பளம் வரைக்கும் ஓட்டிக்கிறேன் பாஸ். ஏத்தமெல்லாம் நல்லாத்தான் இழுக்குது.”

“ஏறுறதுக்கு லைனர் எதுக்கு தம்பி? நீ எறங்கணுமே.”

ஊவாவின் வாகனப் பரிசோதனையைப் பற்றி எழுதப்பட்ட சுற்றறிக்கைகள் எல்லாவற்றையும்விட அந்தப் பதில் கூடுதலாகச் சொல்கிறது. எல்ல சுமார் 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய 200 மீற்றர் அளவில். இரண்டுக்கும் இடையே வீதித் தூரம் முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. ஆட்களோடு பத்துத் தொன் எடையுள்ள பஸ் அந்த 800 மீற்றர் சொச்சம் இறங்கும்போது இழக்கும் சக்தியைக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 8 கோடி ஜூல் வரும். முப்பது லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கப் போதுமான வெப்பம். கியரைக் குறைத்து, எஞ்சினைக்கொண்டு வண்டியைப் பிடித்து இறங்குகிற சாரதி அதில் பெரும் பங்கை எஞ்சினிடம் தள்ளிவிடுவார். நேரம் பிந்திவிட்டதென்று மேல் கியரில் விட்டு, பிரேக்கிலேயே கால் வைத்து வருகிறவருக்கு அவ்வளவும் சக்கரத்து ட்ரம்களில் இறங்கும். ட்ரம் சூடானால் விரியும். லைனர் அதிலிருந்து விலகும். உரசும் பிடி குறையும். இது பழுதடைந்த பிரேக்கில் மட்டும் நடப்பதல்ல, புதிய பிரேக்கிலும் நடக்கும். பழுதடைந்ததில் சீக்கிரம் நடக்கும்.

இப்போது நடைமுறையிலுள்ள பரிசோதனை இதில் எதையும் பார்க்காது. சமதரையில், ஆறிய பிரேக்கில், ஆளில்லாத வண்டியை நாலு முழம் ஓட்டி மிதித்துப் பார்க்கிறார்கள். உருளை வைத்துப் பிரேக் விசையை அளக்கும் இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. சிறிய கராஜ்களில் அதற்கு வசதி கிடையாது. அந்த இயந்திரமும் ஆறிய பிரேக்கின் பலத்தைத்தான் சொல்லும். கொழும்பில் ஓடும் பஸ்ஸுக்கு அந்தச் சான்று போதுமானதாக இருக்கலாம். கொஸ்லந்தையில் இறங்கும் பஸ்ஸுக்கு அது பாதிச் சான்று.

2021 மார்ச் 20ஆம் திகதி காலையில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் மைல்கல் அருகே பள்ளத்தில் விழுந்தது. பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே வீதியில் சரிந்து கிடந்த பாறை அகற்றப்படாமல் இருந்தது பெரிய பேச்சானது. 2024 நவம்பர் முதலாம் திகதி துன்ஹிந்தைப் பக்கம் பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பஸ் புரண்டு மாணவியர் உயிரிழந்தனர். 2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன அரச பஸ் கொத்மலை கரண்டியெல்லயில் கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அது மத்திய மாகாணம் என்றாலும், மலை வீதிக்கு மாகாண எல்லை தெரியாது. அதே வருடம் செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் எல்ல – வெல்லவாய வீதியில் 24ஆம் கிலோமீற்றர் அருகே சுமார் ஆயிரம் அடிப் பள்ளத்தில் பாய்ந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விசாரணை உண்டு. பிரேக்தான் காரணம் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பெழுத நான் வரவில்லை. தூக்கம், வேகம், வீதியின் தடுப்பு, கிடந்த பாறை என்று காரணங்கள் பல. ஒவ்வொரு விபத்துக்கும் அடுத்த வாரம் பொலிஸார் வீதியில் நிறுத்திச் சோதிப்பதும், அலங்கார விளக்கையும் ஹோனையும் கழற்றுவதும், ஒரு மாதத்தில் எல்லாம் ஓய்வதும் மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

கராஜ்களை மட்டும் குற்றம் சொல்லித் தப்பவும் முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் 2022 வந்தது. 200 ரூபாய் இருந்த டொலர் 360ஐத் தொட்டது, எரிபொருளுக்கு மைல்கணக்கில் வரிசை, உதிரிப்பாகத்துக்கு வாய்க்கு வந்த விலை. அந்த ஐந்து வருடமும் இந்த மலையில் பஸ்ஸும் லொறியும் ஆட்டோவும் ஓடியது இந்தத் தகரக் கூரைகளின் கீழ் நடந்த ஒட்டுவேலையால். ஒரு வண்டியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டி, கிடைக்காத ரப்பரை வெட்டி எடுத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதே ஒட்டுவேலைப் பாகங்கள் இன்றும் அந்த வண்டிகளில் இருக்கின்றன என்பது மறுபக்கம். இதில் ஒரு வேடிக்கை, நம் வீதியில் ஓடும் ஜப்பான் வான்கள் பலவும் இங்கு வந்து சேர்ந்ததற்கு அந்த நாட்டுப் பரிசோதனையும் ஒரு காரணம். புதுக் காருக்கு மூன்று வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கொரு தடவை என்று அங்கே பரிசோதனைச் செலவு ஏறிக்கொண்டே போகும். பழையதை விற்றுவிடுவது லாபம். கண்டிப்பான பரிசோதனைக்குத் தப்பி வந்த வண்டிக்கு நம்மிடம் புகைக் குழாய் மட்டும் காத்திருந்தது.

பழுது பார்க்கிறவரே சான்றும் கொடுக்கலாமா என்பது பழைய வழக்கு. பிரித்தானியா 1960இல் பத்து வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியபோது ஊர்க் கராஜ்களிடமே பொறுப்பைக் கொடுத்தது. 1967க்குள் பத்து வருடம் மூன்று வருடமாகச் சுருங்கியது. சுவீடன் அதை நம்பவில்லை. 1960களில் பரிசோதனைக்கென்றே தனி நிறுவனம் அமைத்து, பழுது பார்க்கும் தொழிலிலிருந்து பிரித்து வைத்தது. கராஜ் கையில் கொடுத்தால் இல்லாத பழுதைக் கண்டுபிடித்துப் பணம் பறிப்பார்கள் என்பது அங்கே பயம். நம்முடைய பயம் தலைகீழ்: இருக்கிற பழுதைக் காணாமல் விட்டுவிடுவார்கள். வாடிக்கையாளர் அடுத்த ஊரிலுள்ள கராஜுக்குப் போய்விடுவார் என்ற கவலை அதற்குப் பின்னால் இருக்கிறது. கண்டிப்பான கராஜ் எது என்று தேடி யாரும் போவதில்லை, லேசான கராஜ் எது என்றுதான் விசாரிக்கிறோம். நான் கேட்டாலும் நீங்கள் கேட்டாலும் அதே விசாரிப்புத்தான்.

அரசு அதிகாரியே பார்த்தால் சரியாகிவிடுமா? தமிழ்நாட்டில் வாகன ஆய்வாளர்தான் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றைக் கொடுத்துவந்தார். 2012 ஜூலையில் சென்னை தாம்பரத்தை அடுத்த சேலையூரில், பள்ளி பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக ஒரு சின்னப் பிள்ளை கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. சிறிது காலத்துக்கு முன்தான் அந்த பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று கிடைத்திருந்தது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது; அந்த வருடமே பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் முன் மாவட்டத்துப் பள்ளி பஸ்களை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, போக்குவரத்து, பொலிஸ், கல்வி, வருவாய்த் துறையினர் சேர்ந்து பார்க்கிறார்கள். பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். அதிலும் ஒப்புக்குப் பார்ப்பது இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவர் மூடிய அறையில் போடும் கையெழுத்தைவிட நாலு துறை நின்று வெயிலில் பார்ப்பது மேல். பதுளையிலும் பண்டாரவளையிலும் மைதானங்களுக்குக் குறைவில்லை. முதல் தவணை தொடங்கும் முன் பாடசாலை வான்களையும், தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றும் ஆட்டோக்களையும் கூப்பிட்டுப் பார்க்க ஒரு வாரம் போதும்.

இதற்குப் பணம் எங்கே என்ற கேள்வி வரும். வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாணத்தின் வருமானம். பதிமூன்றாம் திருத்தம் அப்படித்தான் வைத்திருக்கிறது. மடூல்சீமை லொறிக்காரர் கட்டுவதும் வெலிமடை உருளைக்கிழங்கு லொறிக்காரர் கட்டுவதும் ஊவா மாகாணத்தின் பெட்டியில்தான் விழுகின்றன. அந்தப் பணத்தில் எத்தனை பங்கு வீதிப் பாதுகாப்புக்குப் போகிறது என்று எழுந்து கேட்கும் உறுப்பினர் யாரும் இல்லை. 2014 செப்டெம்பரில் தெரிவான சபையின் காலம் 2019இல் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். கேட்காத இடத்தில் கொடுப்பது எந்த அலுவலகத்தின் பழக்கமும் அல்ல.

நம் யோசனை பெரிதல்ல. தகுதிச் சான்று கொடுக்கும் கராஜ்களை மூடி எல்லாரையும் கொழும்பிலோ வெரஹெரவிலோ உள்ள திணைக்கள அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை. அது ஏழை லொறிக்காரருக்கு இன்னொரு அபராதம். பசறை, லுணுகலை, வெலிமடை, பூனாகலைப் பக்கங்களில் கைதேர்ந்த பாஸ்மார் இருக்கிறார்கள். லயத்தில் பிறந்து, பத்து வயதில் ஸ்பானர் தூக்கிக் கொடுத்துத் தொழில் பழகியவர்கள் அவர்களில் பலர். பரீட்சைச் சான்றிதழ் இருக்காது. முன் அனுபவத்தைச் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறை நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. அதன் மூலம் அவர்களை அங்கீகரித்து, ஒரே ஒரு நிபந்தனை போடலாம்: தான் பழுது பார்த்த வண்டிக்குத் தானே சான்று கொடுக்கக் கூடாது. பசறைக் கராஜ் பூட்டியதை லுணுகலைக் கராஜ் பார்க்கட்டும். தவறிய வண்டிக்கு என்ன பழுது என்று எழுதிக் கொடுக்கும் தாள் சாரதிக்குத் தெரிந்த மொழியில் இருக்கட்டும். ஹாலிஎல, அப்புத்தளை, பண்டாரவளை எல்லாம் இருமொழிப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் வந்து எத்தனையோ வருடமாகிறது.

பரிசோதனையும் மலைக்குத் தகுந்ததாக வேண்டும். பாரம் ஏற்றிய பஸ்ஸையும் லொறியையும் ஒரு குறித்த இறக்கத்தில், குறித்த கியரில், பரிசோதகர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க இறக்குங்கள். அடிவாரத்தில் நிறுத்தியதும் நாலு ட்ரம்மின் வெப்பத்தையும் அளவிடுங்கள். தூர நின்று வெப்பம் அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் தீயாய்க் கொதித்து, மற்றது குளிர்ந்து கிடந்தால் எந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். குறித்த கியரில் பிடிக்காமல் பிரேக்கைத் தேய்த்து வந்த சாரதியும் அதே எண்களில் அகப்படுவார். தோட்டத்துக்குள் ஓடும் ட்ரக்டரையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ஆட்களை ஏற்றுகிற எந்த வண்டியும் பெரிய வீதிக்கு வராவிட்டாலும் வருடத்துக்கொரு முறை சான்று பெற வேண்டும் என்று கம்பனிகளுடனான பேச்சில் தொழிற்சங்கங்கள் ஒரு வரி சேர்த்தால் போதும். சம்பளத்துக்காக இரவு பகலாகப் பேசும் மேசையில் அந்த வரிக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.